நார்மன் ராஜா ஏன் அரபு மாளிகை கட்டினார்?

கேட்டிருந்த கேள்வி இது: சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் ‘லா சீசா’ என்று 12-ஆம் நூற்றாண்டு அரண்மனை ஒன்று இருக்கிறது, அரபு-நார்மன் பாணி என்கிறார்கள். அதில் எது அரபு, எது நார்மன்? கிறிஸ்தவ ராஜா எதற்காக அப்படிக் கட்டினார்? கோடையிலும் உள்ளே குளுகுளுவென்று இருக்குமாமே, அது எப்படி?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டடத்தின் அமைப்பு, நீர், காற்று, எழுத்து எல்லாம் அரபு. மொசைக், அதாவது வண்ணச் சில்லு பதித்த வேலை கிரேக்கக் கை. கட்டச் சொன்னதும் காசு கொடுத்ததும் நார்மன், அதாவது பிரான்சின் வடக்கிலிருந்து வந்து சிசிலியைப் பிடித்தவர்களின் வம்சம். ‘கலப்பு’ என்ற சொல்லை நம்பி, பாதிச் சுவரில் ஒரு பாணி, மீதியில் இன்னொரு பாணி என்று தேடிக்கொண்டு போனால் ஏமாந்துதான் வருவீர்கள்.

இனி விரிவாக. பெயரிலிருந்து ஆரம்பிக்கலாம். சீசா என்றதும் நமக்குக் கண்ணாடிப் புட்டிதான் நினைவுக்கு வரும். இத்தாலியர்கள் முதல் எழுத்தை அழுத்தி ‘ட்சீசா’ என்பார்கள். மூலம் ‘அல் அஸீஸா’ என்ற அரபுச் சொல். மேன்மையானது, அருமையானது என்று பொருள். 1165-இல் சிசிலியின் நார்மன் ராஜா முதலாம் வில்லியம் இதைக் கட்டத் தொடங்கினார். அடுத்த ஆண்டே இறந்துபோனார். மகன் இரண்டாம் வில்லியம் அப்போது பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன். தாய் மார்கரெட்தான் சில ஆண்டுகள் ஆட்சியைப் பார்த்துக்கொண்டார். வேலை முடிந்தது மகன் காலத்தில். வரலாறு அப்பாவுக்குக் ‘கெட்ட வில்லியம்’ என்றும் மகனுக்கு ‘நல்ல வில்லியம்’ என்றும் பெயர் வைத்திருக்கிறது. அப்பாவோடு பிரபுக்கள் ஓயாமல் மல்லுக்கு நின்றார்கள். அவரைப் பற்றி எழுதியவர்களின் பரிவும் அந்தப் பக்கம்தான். அதனால் இந்தப் பட்டங்களை அப்படியே விழுங்க வேண்டாம்.

சீசா தனியாக நின்ற கட்டடம் இல்லை. பலெர்மோ நகரின் மேற்குப் பக்கம், கோட்டைச் சுவருக்கு வெளியே, ராஜாக்களுக்கு ஒரு பெரிய தோட்டம் இருந்தது. அதன் பெயர் ‘ஜெனோவார்தோ’. கேட்டால் இத்தாலியச் சொல் போல இருக்கும். உண்மையில் ‘ஜன்னத் அல் அர்ள்’, அதாவது மண்ணுலகச் சொர்க்கம் என்ற அரபுத் தொடர் ஊர்வாயில் தேய்ந்து அப்படி ஆகியிருக்கிறது. சோலை, வாய்க்கால், குளம், வேட்டைக்காடு, ஆங்காங்கே ஓய்வு மாளிகைகள். 1180-இல் இரண்டாம் வில்லியம் கட்டிய ‘கூபா’வும் அந்தத் தோட்டத்தில்தான். சாலெர்னோ நகரப் பேராயர் ரோமுவால்டு அந்தக் காலத்திலேயே சீசாவைப் பற்றி எழுதியிருக்கிறார்: உயரமான மாளிகை, வியக்கத்தக்க வேலைப்பாடு, சுற்றிலும் பழமரங்கள், ஓடும் நீர், மீன் நிறைந்த குளங்கள் என்று. இன்றைக்கு அந்தத் தோட்டத்தை நகரம் விழுங்கிவிட்டது. சீசாவைச் சுற்றி அடுக்குமாடி வீடுகளும் கடைகளும்தான். அரண்மனை முன்னால் மட்டும் ஒரு பூங்காவைப் புதிதாக அமைத்திருக்கிறார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் சீசா மிகச் சாதாரணம். நீளம் சுமார் 36 மீட்டர், அகலம் சுமார் 20, உயரம் 25-க்குக் கொஞ்சம் மேல். மணல் நிறக் கல்லில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். முகப்பில் மூன்று வளைவு வாசல்கள், மேலே சுவரோடு ஒட்டிய மெல்லிய வளைவுக் கோடுகள், இரு பக்கமும் ஒடுக்கமான சதுரக் கோபுரங்கள். கோபுரங்கள் உயர்ந்து நிற்கவில்லை. சுவரிலிருந்து சற்று முன்னே துருத்திக்கொண்டிருக்கின்றன. கோட்டை என்று நினைக்கலாம். ஆனால் அடித்தளத்தில் இவ்வளவு பெரிய வாசல்களைத் திறந்துவைத்துக்கொண்டு யாரும் கோட்டை கட்ட மாட்டார்கள். இது வெயில் காலத்தைக் கழிக்க வந்த இடம்.

விஷயமெல்லாம் நடு வாசலுக்குள் இருக்கிறது. அகலவாக்கில் ஓடும் ஒரு முன்கூடத்தைக் கடந்தால் ‘ஊற்று மண்டபம்’. சதுரமான, இரண்டு தளம் உயரத்துக்கு எழும்பும் அறை. வாசல் பக்கம் தவிர மற்ற மூன்று பக்கமும் மாடங்கள். மாடங்களின் மேற்பகுதியில் முகர்னாஸ் என்னும் வேலைப்பாடு: சின்னச் சின்னக் குழிவுகளை அடுக்கடுக்காக முன்னே தள்ளி, தேன்கூட்டைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி தொங்கவிடுவது. பாக்தாதிலிருந்து மொராக்கோ வரை கொத்தர்கள் கைமாற்றிக்கொண்ட கலை அது. பலெர்மோ நகரத்துள் இருக்கும் அரச அரண்மனையின் கோவிலிலும் இதே வேலை உண்டு. இரண்டாம் வில்லியத்தின் தாத்தா இரண்டாம் ரோஜர் கட்டிய கோவில் அது. அங்கே மரத்தால் செய்த முகர்னாஸ் விதானத்தில் பாட்டுக்காரர்களும் கோப்பை ஏந்தியவர்களும் வரைந்திருக்கிறது. பூசை நடக்கிற இடத்தின் தலைக்கு மேலே மது விருந்து!

ஊற்று மண்டபத்தின் பின்சுவர் மாடத்திலிருந்து நீர் வருகிறது. வந்த நீர் நேராகத் தொட்டியில் விழுவதில்லை. சாய்வாக வைத்த ஒரு பளிங்குப் பலகை மேல் வழிகிறது. பலகையில் வளைந்து நெளியும் வரிகளைச் செதுக்கியிருப்பதால், நீர் மெல்லிய படலமாகப் பரவி, நடுங்கி, வெளிச்சத்தைச் சிதறடித்துக்கொண்டு இறங்கும். அரபு உலகில் இதற்குச் ‘சல்சபீல்’ என்று பெயர். இறங்கிய நீர் தரையில் வெட்டிய ஒடுக்கமான வாய்க்காலில் ஓடி, வழியில் இரண்டு சின்னச் சதுரத் தொட்டிகளில் தேங்கி, வாசலைத் தாண்டி வெளியே இருந்த பெரிய குளத்தில் சேர்ந்தது. குளத்தின் நடுவே ஒரு நீராழி மண்டபமும் இருந்தது. ராஜா உள்ளே உட்கார்ந்தால் கண் முன்னால் பளிங்கில் வழியும் நீர். திரும்பினால் வளைவுக்குள் சட்டம் போட்ட மாதிரி குளமும் தோட்டமும்.

இப்போது காற்றுக்கு வருகிறேன். எனக்கு இந்தக் கட்டடத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பலெர்மோ தீவின் வடகரையில் இருக்கிறது. கோடையில் இரண்டு காற்றுகள் அங்கே முக்கியம். ஒன்று கடலிலிருந்து வரும் இதமான காற்று. இன்னொன்று சஹாரா பக்கமிருந்து கிளம்பிவரும் ‘சிரோக்கோ’. அது வீசும் நாளில் அடுப்புக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கும். பிற்காலத்தில் பலெர்மோ பணக்காரர்கள் அந்தக் காற்றுக்குப் பயந்து நிலத்தடியில் ‘சிரோக்கோ அறை’ என்றே தனியாகக் குடைந்து வைத்துக்கொண்டார்கள். சீசாவைக் கட்டியவர்கள் நிலத்துக்குள் போகவில்லை. கட்டடத்தின் முகத்தை வடகிழக்கே, கடலைப் பார்த்துத் திருப்பினார்கள். பெரிய திறப்புகள் எல்லாம் அந்தப் பக்கம். தெற்கு வெயிலும் சூடான காற்றும் கனத்த கல்சுவரில் மோதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

கடல் காற்று முதலில் குளத்தின் மேல் தவழ்ந்து வரும். அங்கேயே கொஞ்சம் சூடு குறையும். பிறகு வளைவுகள் வழியாக நுழைந்து ஊற்று மண்டபத்துக்கு வந்தால், பளிங்கில் படலமாக வழியும் நீர். நீர் ஆவியாக மாற வெப்பம் வேண்டும். அதைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான். நீரைத் தொட்டியில் தேக்காமல் பலகையில் பரப்பியதன் லாபம் இங்கே தெரிகிறது. பரப்பு கூடக் கூட ஆவியாவது கூடும். அழகுக்குச் செய்த மாதிரி இருக்கும் நெளிவரிகள் உண்மையில் வேலை செய்துகொண்டிருக்கின்றன.

சரி, குளிர்ந்த காற்று கீழேயே தங்கிவிட்டால் மேல் மாடிக்கு என்ன பயன்? அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். மேல் தளத்தின் நடுவில் வானம் பார்த்த முற்றம். உள்ளே சூடான காற்று லேசாகி மேலே எழும்பி, அங்கும் உயரத்தில் வைத்த சன்னல்கள் வழியாகவும் வெளியேறும். அது போன இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த காற்று இழுபடும். படிக்கட்டுகளும் சுவர்களுக்குள் விட்ட காற்றுக் குழல்களும் அந்த இழுப்பை அறைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஆக, கட்டடமே ஒரு புகைபோக்கி. புகைக்குப் பதில் வெக்கை வெளியேறுகிறது. கரண்ட் கிடையாது, மின்விசிறி கிடையாது.

இன்றைக்குப் போனால் அந்தக் குளிர்ச்சி முழுதாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தோட்டம் போய்விட்டது, சுற்றிலும் கான்கிரீட். தடித்த சுவரின் நிழல் தரும் சுகம் மட்டும் இன்னமும் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் ஐரோப்பியப் பாணி என்று எதைச் சொல்வது? முன்கூடம், நீர் வழியும் மண்டபம், எதிரே குளம் என்ற இந்த வரிசைக்கு உறவுகள் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம், வட ஆப்பிரிக்காவிலும் எகிப்திலும் இருக்கின்றன. அல்ஜீரியாவில் பனூ ஹம்மாத் வம்சத்தின் கோட்டை நகரத்து அரண்மனைகளை ஆராய்ந்தவர்கள் இந்த ஒற்றுமையைத் திரும்பத் திரும்பச் சுட்டியிருக்கிறார்கள். ஊற்று மண்டபத்துச் சுவரில் ஓடும் மொசைக் பட்டை மட்டும் வேறு வீட்டுச் சரக்கு. மூன்று வட்டங்கள்: ஓரத்து இரண்டில் பேரீச்ச மரத்தின் இருபுறமும் மயில்கள், நடுவில் மரத்துப் பறவைகளைக் குறிபார்க்கும் இரண்டு வில்லாளிகள். பொன் பின்னணியில் கண்ணாடிச் சில்லு பதிக்கும் அந்தத் தொழில் பைசாந்தியக் கலைஞர்களுடையது; கான்ஸ்டாண்டினோபிளைத் தலைநகராகக் கொண்ட கிரேக்கப் பேரரசு அது. நகரத்து அரண்மனையில் ‘ரோஜர் அறை’ என்ற அறையிலும் இதே குடும்பத்து மயில்களும் வேட்டைக்காரர்களும் உண்டு. அரபு அறைக்குள் கிரேக்கக் கை. நிஜமான கலப்பு என்றால் எனக்கு இதுதான்.

அப்புறம், ஏன் என்ற கேள்வி. ‘சிசிலியில் ஏற்கெனவே அரபுக் கொத்தர்கள் இருந்தார்கள், அவர்களை வைத்துக் கட்டினார்கள்’ என்று சொல்லிவிடலாம். அது பாதி விடைதான். காலக் கணக்கைப் பாருங்கள். 827-இல் முஸ்லிம் படை தீவில் இறங்கியது. 831-இல் பலெர்மோ அவர்கள் கைக்கு வந்தது. 1072-இல் நார்மன்கள் அந்த நகரைப் பிடித்தார்கள். பிரான்சின் வடக்கிலிருந்து கூலிப்படையாக இத்தாலிக்கு வந்து, பிறகு தாங்களே நாடு பிடித்துக்கொண்ட குதிரைவீரர்கள் அவர்கள். அவர்கள் பலெர்மோவைப் பிடித்ததற்கும் சீசா எழும்பியதற்கும் இடையே தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. பழைய பழக்கம் மட்டும் காரணம் என்றால் இவ்வளவு தாங்காது.

நடுவில் நடந்தது 1130. அந்த ஆண்டு இரண்டாம் ரோஜர் ராஜாவாக முடிசூடினார். அதுவரை அந்தக் குடும்பத்தில் ராஜா என்று யாரும் கிடையாது. புதுப் பணக்காரர் மாதிரி புது ராஜா. ராஜா என்றால் எப்படி இருக்க வேண்டும், எதை உடுத்த வேண்டும், எங்கே உட்கார வேண்டும் என்பதற்கு முன்மாதிரி தேவைப்பட்டது. அன்றைக்கு மத்தியதரைக் கடலில் பகட்டான அரசவைகள் இரண்டு: ஒன்று கான்ஸ்டாண்டினோபிளில், இன்னொன்று கெய்ரோவில் ஃபாத்திமியக் கலீஃபாக்களுடையது. ரோஜர் இரண்டிலிருந்தும் எடுத்துக்கொண்டார். அலுவலகத்துக்கு ‘திவான்’, அரபு எழுதும் எழுத்தர்கள், அரபில் அரசப் பட்டம் எல்லாம் வந்தன. பலெர்மோ அரண்மனைப் பட்டறையில் 1133-34-இல் நெய்த அவருடைய சிவப்பு மேலங்கி வியன்னாவில் இருக்கிறது. ஒட்டகத்தை மிதித்து நிற்கும் சிங்கங்கள், ஓரம் முழுக்கக் கூஃபி என்ற கோணலான பழைய எழுத்தில் அரபு வாசகம், ஹிஜ்ரி ஆண்டு 528. பின்னாளில் புனித ரோமப் பேரரசர்கள் முடிசூட்டுக்கு அதைப் போர்த்திக்கொண்டார்கள்.

இன்னொரு தகவலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1148-இல் ரோஜரின் கடற்படை துனிசியக் கரையில் மஹ்தியா நகரைப் பிடித்தது. ஜீரி வம்ச அமீர்களின் தலைநகரம் அது. 1160-இல் முதலாம் வில்லியம் அதை மொராக்கோவிலிருந்து வந்த அல்மோஹது வம்சத்திடம் இழந்தார். ஐந்தே ஆண்டில் சீசாவுக்குக் கால்கோள். ஆப்பிரிக்கா கைவிட்டுப் போனது; ஆப்பிரிக்க அமீரைப் போல வாழும் ஆசை போகவில்லை.

அந்த ஆசை சுவரிலேயே எழுதியிருக்கிறது. ஊற்று மண்டப வாசல் வளைவைச் சுற்றிச் சுதையில் அரபு வாசகம்: உலகில் இதைவிட அழகான உடைமை இல்லை, கண்முன் திறந்து கிடக்கும் மண்ணுலகச் சொர்க்கம் இது, இந்த அரசர் முஸ்தஇஸ், இந்த மாளிகை அஸீஸ் என்கிற பொருளில். ‘அல் முஸ்தஇஸ் பில்லாஹ்’ என்பது இரண்டாம் வில்லியத்தின் அரபுப் பட்டம். தாத்தா ரோஜரின் பட்டம் ‘அல் முஃதஸ் பில்லாஹ்’. முஃதஸ், முஸ்தஇஸ், அஸீஸ் மூன்றும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். ராஜா பெயரும் மாளிகை பெயரும் எதுகை போல ஒலிக்கும்படி வைத்திருக்கிறார்கள். அரபு தெரிந்தவர்கள் வாசித்து ரசிப்பதற்கென்றே எழுதியது அது.

ரசிக்கத் தெரிந்த ஒருவர் அந்தப் பக்கம் வந்தும் இருக்கிறார். ஆந்தலூசியாவை, அதாவது முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினைச் சேர்ந்த இப்னு ஜுபைர் என்ற பயணி மக்காவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் 1184 டிசம்பரில் மெசினா அருகே கப்பல் உடைந்து சிசிலியில் கரையேறினார். ராஜா அரபு எழுதப் படிக்கத் தெரிந்தவர், சமையற்காரர்கூட முஸ்லிம், பெண்ணின் கழுத்தைச் சுற்றிய முத்துமாலை போல நகரைச் சுற்றி அரச மாளிகைகள் என்றெல்லாம் குறித்துவைத்திருக்கிறார். அதே பக்கங்களில், அரண்மனை ஊழியர்கள் தங்கள் மதத்தை மறைத்து வாழ்வதையும் சாதாரண முஸ்லிம்கள் மேல் நெருக்கடி கூடிவருவதையும் கவலையோடு எழுதியிருக்கிறார்.

இந்த இரண்டாவது பகுதியைச் சுற்றுலாக் கையேடுகள் விட்டுவிடுகின்றன. ‘மூன்று மதங்கள் கைகோத்து வாழ்ந்த பொற்காலம்’ என்று எழுதுவது எளிது. 1161-இல், அதாவது சீசாவுக்கு நான்கே ஆண்டு முன்பு, பிரபுக்களின் கலகத்தில் பலெர்மோ முஸ்லிம்கள் பலர் கொல்லப்பட்டார்கள். 1189-இல் இரண்டாம் வில்லியம் வாரிசில்லாமல் இறந்ததும் மறுபடியும் அதே கதை; தப்பியவர்கள் மலைக்கு ஓடினார்கள். ரோஜரின் பேரன் இரண்டாம் ஃபிரெடெரிக் 1220-களில் மிஞ்சியவர்களை இத்தாலியின் லூசேரா நகருக்கு நாடுகடத்தத் தொடங்கினார். அவரும் நன்றாக அரபு தெரிந்தவர் என்று பெயர் வாங்கியவர்தான்! அரபுக் கலை மேல் ராஜாவுக்கு இருந்த மோகம் அரபு பேசும் குடியானவனைக் காப்பாற்றவில்லை.

ஆனால் அவர்கள் சொற்கள் தங்கிவிட்டன. சிசிலி விவசாயி பாசனத் தொட்டியை ‘ஜெப்பியா’ என்கிறார், வாய்க்காலைச் ‘சாயா’ என்கிறார், எலுமிச்சை ஆரஞ்சுப் பூவை ‘சாகரா’ என்கிறார். மூன்றும் அரபு. ஆரஞ்சு என்ற சொல்லும் அரபு ‘நாரஞ்ச்’ வழியாகத்தான் ஐரோப்பாவுக்குள் போனது. அதற்கும் முன்னால் பாரசீகம், சமஸ்கிருதம் வழியே பின்னோக்கிப் போனால் திராவிட வேர், நம் நாரத்தையின் உறவு என்று மொழியியலாளர்கள் பலர் கருதுகிறார்கள். வில்லியம் நடந்த தோட்டத்து மரத்துக்கும் நம் ஊறுகாய் ஜாடிக்கும் இப்படி ஒரு தூரத்துச் சொந்தம்.

மாளிகையின் பிற்காலக் கதை சோகம்தான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டடத்தின் உச்சியைச் சுற்றி ஒரு பெரிய அரபு வாசகம் ஓடியது. 14-ஆம் நூற்றாண்டில் யாரோ மாளிகையைக் கோட்டை மாதிரி ஆக்குகிறேன் என்று, எழுத்தைப் பற்றிக் கவலையே படாமல், அந்த விளிம்பைப் பல் பல்லாக வெட்டி எறிந்தார்கள். 1630-களில் சாந்தோவால் என்ற பிரபுக் குடும்பம் வாங்கி, உள்ளே பெரிய படிக்கட்டு வைத்து, சன்னல்களை அகலப்படுத்தி, வாசலுக்கு மேல் தங்கள் குலச்சின்னத்தை மாட்டியது. பிறகு கைமாறிக் கைமாறி, 1950-களில் அரசு எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டு சும்மா விட்டது. 1971 அக்டோபரில் ஒரு பக்கம் அப்படியே சரிந்து விழுந்தது. ஜுசெப்பே கரோனியா என்ற கட்டடக் கலைஞர் தலைமையில் அதைத் தூக்கி நிறுத்தி 1991-இல் திறந்தார்கள். 2015-இல் யுனெஸ்கோ ‘அரபு-நார்மன் பலெர்மோ’ என்று ஒன்பது இடங்களைச் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் போட்டபோது சீசாவும் அதில் ஒன்று. கூபா அந்த ஒன்பதில் இல்லை. எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு.

போகும் வாய்ப்பு இருந்தால், அரச அரண்மனையிலிருந்து இருபது நிமிட நடை. உள்ளே இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம். பித்தளைப் பாத்திரங்கள், மரச் சாளரங்கள் எல்லாம் நன்றாகவே இருக்கும், ஆனால் ஒரு கல்லைத் தேடிப் பாருங்கள். கிறிசாந்து என்ற பாதிரியார் தன் தாய் அன்னாவுக்கு 1149-இல் வைத்த கல்லறைக் கல். ஒரே செய்தி நான்கு விதமாக வெட்டியிருக்கிறது: லத்தீன், கிரேக்கம், அரபு, அப்புறம் எபிரேய எழுத்தில் எழுதிய அரபு. ஒவ்வொன்றிலும் அந்தந்தச் சமூகத்தின் ஆண்டுக் கணக்கு. ஒரு தாயின் சாவை நான்கு வாசகர்களுக்கும் சொல்ல வேண்டியிருந்த ஊர் அது.

வெளியே வருமுன் ஊற்று மண்டப வாசல் வளைவின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். பிற்காலத்தில் யாரோ தீட்டிய புராண உருவங்கள் அங்கே ஆடிக்கொண்டிருக்கும். ஊர்க்காரர்கள் அவற்றை ‘சீசாவின் பிசாசுகள்’ என்பார்கள். மாளிகைக்குள் புதைத்த பொற்காசுகளுக்கு அவைதான் காவலாம். எத்தனை முறை எண்ணினாலும் எண்ணிக்கை மாறுமாம். பலெர்மோவில் யாராவது கணக்கு ஒப்படைத்து அது உதைத்தால், ‘இதென்ன, சீசாவின் பிசாசுகளா?’ என்று கேட்பது வழக்கம். சிலது பாதி உடம்போடு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதால், அதை எண்ணுவதா விடுவதா என்பதில்தான் எல்லோருக்கும் தகராறு.